வைகறை உலாவும் வானிலையும்

வைகறையில் துயிலெழுதல் சைவ நன்மக்கள் தொன்றுதொட்டுக் கைக்கொண்டுவரும் நல்லொழுக்கங்களுள் ஒன்று. ஞாயிறு எழுதற்கு ஐந்து நாழிகைக்கு முன்னரே எழுந்து, உடல் தூய்மை செய்து, திருநீறணிந்து, முதல்வன் திருவடியை உள்ளத்தமைத்துப் பின்னரே பிற தொழில்களிற் புகுதல் வேண்டுமென்பது பெரியோர் வகுத்த முறை. அவ்வாறெழுந்தோர் சிறிது நேரம் வெளியே உலாவி வருதல் உடற்கும் உள்ளத்திற்கும் நலம் பயக்கும் என்பதை மருத்துவரும் வற்புறுத்துவர். யான் பணியினின்றும் ஓய்வுபெற்று நாகப்பட்டினத்திற் குடிபுகுந்து சில ஆண்டுகளாயின. அந்நாள்முதல் வைகறைதோறும் அந்நகர்க் கடற்கரையில் உலாவி வருதலை ஒரு நியமமாகக் கொண்டுள்ளேன்.

அவ்வுலாவின்கண் எதிர்ப்படுவோர் தம்முள் முதற்கண் பேசிக்கொள்வது பெரும்பாலும் வானிலையைப் பற்றியதேயாம். “இன்று காற்று நன்றாயிருக்கின்றது” என்பார் ஒருவர். “நேற்றைய மழை எல்லாவற்றையும் கெடுத்துவிட்டது” என்பார் மற்றொருவர். இவை சிறிய பேச்சுக்களே. ஆயினும், நன்று, தீது என்னும் இரண்டு சொற்களை வானிலையின்மேல் ஏற்றுவதுபோல் இத்துணை எளிதாக வேறெதன்மேலும் நாம் ஏற்றுவதில்லை. ஒரு நாளை நன்னாள் என்றும் மற்றொரு நாளைத் தீநாள் என்றும் பகுத்தற்கு நம்மிடமுள்ள அளவுகோல் யாது? அவ்வளவுகோல் சித்தாந்த நெறிக்கு இயைந்ததோ? இவ்வினாவை ஆராயப் புகுந்தவிடத்து, யான் நெறியென்று கருதியிருந்த ஒன்றில் என் பிழையையே கண்டேன். அதனைச் சைவ அன்பர்கள்முன் வைத்தலே இக்கட்டுரையின் நோக்கமாம்.

நாகை, சோழநாட்டுக் கீழ்க்கரையிலுள்ள தொன்மையான துறைமுகப் பட்டினம். காயாரோகணப் பெருமானும் நீலாயதாட்சி அம்மையாரும் எழுந்தருளியிருக்கும் திருக்கோயிலை உடையது; மூவர் தேவாரமும் பெற்றது; ஏழு விடங்கத் தலங்களுள் ஒன்று. அறுபத்துமூவருள் ஒருவராகிய அதிபத்த நாயனார் தோன்றியருளிய நுளைப்பாடியும் இதனைச் சார்ந்ததே. நகரின் கிழக்கெல்லை முழுதும் கடலாகலின், இங்கு வாழ்வோர்க்கு ஞாயிறு நாள்தோறும் நீரினின்றே எழுகின்றது.

ஓராண்டு முழுவதும் ஒரே கரையில் ஒரே பொழுதில் உலாவுவோன், ஏட்டிற் கற்றவற்றைக் கண்ணாலும் மெய்யாலும் கற்கின்றான். மார்கழி, தைத் திங்கள்களில் ஞாயிறு தென்கிழக்கே ஒதுங்கி எழுகின்றது. தையில் அஃது எழும்போது மணி ஏறத்தாழ ஆறரை. வைகாசி, ஆனியில் வடகிழக்கே சென்று, ஆறு மணிக்கு முன்னரே எழுந்துவிடுகின்றது. காற்றும் அங்ஙனமே திசைமாறுகின்றது. ஆனி, ஆடியில் மேற்கினின்று வீசும் கச்சான் வறண்டு வெம்மையுடையதாய் மணலைக் கடலை நோக்கி வாரிச் செல்லும். ஐப்பசி பிறந்தவுடன் வாடையும் கொண்டலும் தொடங்கும். இந்நகர் பெறும் ஆண்டு மழையின் பெரும்பகுதி அப்பொழுதுமுதல் மார்கழிக்குள் பெய்துவிடும்.

மழையும் புயலுமில்லாத தெளிந்த நாட்களிற் காணப்படும் ஒரு முறைமை மிக வியக்கத்தக்கது. நிலம் விரைவிற் சூடேறி விரைவிற் குளிரும். நீர் மெல்லச் சூடேறி மெல்லக் குளிரும். பகலில் நிலத்தின்மேலுள்ள காற்றுச் சூடாகி மேலெழ, அவ்விடத்தை நிரப்பக் கடலினின்றும் காற்று வருகின்றது. இரவிலோ நிலம் முற்படக் குளிர்ந்துவிடுதலின், காற்று நிலத்தினின்றும் கடலை நோக்கிச் செல்கின்றது. ஆதலின் வைகறையிற் கடலைப் பார்த்து நிற்பவன் காற்றைத் தன் முதுகில் உணர்வான். முற்பகலில் அவ்விடத்தே நிற்பின் அதனைத் தன் முகத்தில் உணர்வான். இயந்திரப் படகுகள் வருமுன்னர், பாய்விரித்த கட்டுமரங்கள் இருளில் நிலக்காற்றைப் பற்றிப் புறப்பட்டு, பகலிற் கடற்காற்றைப் பற்றிக் கரை திரும்பின. போதற்கு ஒரு காற்றும் மீளுதற்கு ஒரு காற்றும் அமைந்துள்ள இவ்வொழுங்கினை நினைக்குந்தோறும், உயிர்களுக்கு நுகர்பொருளை வகுத்தளிக்கும் முதல்வன் திருவருள் நெஞ்சை உருக்குகின்றது.

இனி, எடுத்துக்கொண்ட வினாவுக்கு வருவோம். நல்ல வானிலை யாது? உலாவுவோனைக் கேட்பின், மழையின்றி மெல்லிய குளிர்காற்று வீசும் பொழுதே நல்லது என்பான். நகர்க்கு மேற்கே சம்பாப் பயிரிட்டிருக்கும் உழவனைக் கேட்பின், ஐப்பசியில் வானம் தெளிந்திருத்தல் தீது என்பான். அதே உழவன் தையில் கதிர் முற்றி அறுவடைக்கு நிற்கும்போது பெய்யும் மழையைத் தீது என்பான். தெற்கே திருமறைக்காடாகிய வேதாரணியத்து உப்பளத் தொழிலாளியைக் கேட்பின், யாம் வெறுக்கும் வெயிலே அவனுக்குச் சோறு. பங்குனியில் ஒரு கோடைமழை பெய்யின், உலாவுவோனுக்குப் புழுக்கம் தணிகின்றது. உப்பளத்தானுக்கோ பாத்தியில் திரண்ட உப்புக் கரைந்துபோகின்றது. கடலிற் செல்வோனைக் கேட்பின், அவன் மழையைப் பெரிதாகக் கருதான். காற்றின் திசையையும் விசையையுமே கேட்பான்.

மழை ஒன்றே, அதனை நன்றென்பாரும் தீதென்பாரும் பலர். ஆகவே நன்மை தீமைகள் மழையின்கண் இல்லையென்பது தெளிவு. காற்றும் மழையும் வெயிலும் மாயையின் காரியங்கள், அறிவில்லாதன. அவற்றிற்கு ஒருவன்பால் நட்பும் மற்றொருவன்பாற் பகையும் இல்லை. அவற்றின் வாயிலாக வரும் இன்பதுன்பங்கள் அவ்வவ்வுயிரின் வினைக்கேற்ப முதல்வனாற் கூட்டப்படுவன. அவற்றை நன்றென்று தழுவுதலும் தீதென்று கடிதலும் நம் விருப்பு வெறுப்புக்களின் செயலேயாம். இவ்விருப்பு வெறுப்புக்களே மேல்வினைக்கு வித்தாகிப் பிறவியை வளர்ப்பன. நல்வினைப் பயனில் விருப்பும் தீவினைப் பயனில் வெறுப்பும் ஒழிந்து இரண்டனையும் ஒப்ப நோக்கும் நிலையையே நம் ஆசிரியர்கள் இருவினையொப்பு என்றனர். மலபரிபாகத்தையும் சத்திநிபாதத்தையும் அதனொடு வைத்துக் கூறினர்.

இதனை உணர்ந்தபின், யான் என் வைகறை உலாவையே இருவினையொப்பிற்கு ஒரு சிறு பயிற்சிக்களமாகக் கொண்டேன். பெருந்துன்பம் வந்தவிடத்துத் திடீரென்று ஒப்புநிலை எய்துதல் எவர்க்கும் அரிது. நாள்தோறும் வரும் சிறு குளிரிலும் சிறு புழுக்கத்திலும் அதனைப் பழகியவனுக்கே அது கைகூடும். ஆகலின், மழைநாளில் குடையுடன் சென்றேன். கச்சான் வீசும் நாளில் மணல் கண்ணிற் படினும் முணுமுணுத்திலேன். காற்று இனிதாய நாளிலும் அதனைப் புகழ்ந்திலேன். சில ஆண்டுகளில் வானிலைபற்றிய என் விருப்பு வெறுப்புக்கள் பெரிதும் தணிந்தன. யான் நெறியில் முன்னேறிவிட்டேன் என்று உள்ளூர மகிழ்ந்தேன். அம்மகிழ்ச்சியினுள்ளே ஆணவம் ஒளிந்திருந்ததை அப்பொழுது அறிந்திலேன்.

ஒரு கார்த்திகைத் திங்களில் வங்கக் கடலிற் காற்றழுத்தம் தாழ்ந்து, துறைமுகத்திற் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டிருந்தது. பல நாட்களாகப் படகுகள் கரையிலேயே கிடந்தன. அன்று வைகறையில் மழை சற்றே விட்டிருந்தது. கீழ்வானில் முகில்கள் அடுக்கடுக்காக நின்றன. கடலின் முழக்கம் திருக்கூத்தின் பறையொலிபோல் என் செவிக்கு இன்பமாயிருந்தது. கரையில் கவிழ்த்துப் போட்ட ஒரு படகின் மறைவில் முதிய மீனவர் ஒருவர் வலையின் கிழிவைத் தைத்துக்கொண்டிருந்தார். நாள்தோறும் கண்டு பழகியவராதலின், அவரருகிற் சென்று நின்றேன். அவர் முகம் வாடியிருந்தது. யான் அவர்க்கு ஆறுதல் கூறுவதாக எண்ணி, “பெரியவரே, மழையும் வெயிலும் இறைவன் தருவன. இரண்டையும் ஒன்றாகவே கொள்ள வேண்டும். மனம் தளரக் கூடாது” என்றேன்.

அவர் ஊசியை நிறுத்தாமலே, “அப்படித்தான் ஐயா கொண்டிருக்கிறோம். கடலுக்குப் போகிறவனுக்கு அது தெரியாமல் இருக்குமா? ஆனால் வீட்டில் மூன்று நாளாக அடுப்புச் சரியாக எரியவில்லை. பேரப்பிள்ளைகளுக்கு அதை எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை” என்றார்.

அவர் சொல்லிற் சினமில்லை, இகழ்ச்சியுமில்லை. கேட்டதற்கு உள்ளதை உரைத்தார், அவ்வளவே. ஆயினும் எனக்கு மறுமொழி எழவில்லை. யான் காலையிற் காப்பி அருந்திவிட்டு வந்தவன். என் ஓய்வூதியம் புயலால் நின்றுபோவதன்று. மழையை ஒப்ப நோக்குதற்கு யான் இழந்தது யாது? நனைந்த ஒரு வேட்டியன்றிப் பிறிதில்லை. அவரோ யான் பேசிய ஒப்புநிலையில் எத்தனையோ ஆண்டுகளாக வாழ்ந்தவர். கடலின் தன்மை அறிந்து, கிடைத்த நாளிற் செருக்காமலும் கிடையாத நாளிற் கடலைச் சபிக்காமலும் இருந்தவர். இருவினையொப்பினை யான் அவர்க்குக் கற்பிக்கப் புகுந்தது, நீந்துவானுக்குக் கரையில் நிற்பவன் நீச்சல் கற்பித்ததை ஒத்தது. அதனினும் பெரிய பிழை யொன்றுண்டு. அவர்தம் பசியை யான் ஒப்ப நோக்கினேன்! என் துன்பத்தை யான் ஒப்ப நோக்குதல் நோன்பு. பிறர் துன்பத்தை யான் ஒப்ப நோக்குதல் வன்கண்மை. இவ்விரண்டும் புறத்தே ஒரே தோற்றமுடையன. அகத்தே இருளும் ஒளியும் போல் வேறாயின.

“வினைக்கொள்கையை உடன்படுவார்க்குப் பிறர் துன்பமும் அவரவர் வினைப்பயனே யாகும், அதனை ஒப்ப நோக்குதலிற் பிழை யாது?” என்று ஒருவர் கடாவலாம். இக்கடா சிறியதன்று. இந்நகர்க் கரையில் உலாவுவோன் இதனை ஒதுக்கிச் செல்லுதலும் இயலாது. 1952-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் புயல் இக்கரையைத் தாக்கியது. 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் வைகறைக்கு முன்னர்க் கஜாப் புயல் நாகைக்கும் வேதாரணியத்திற்கும் இடையே கரையேறி, தலைமுறைகளாக வளர்ந்து நின்ற தென்னைகளைக் கணக்கின்றி வீழ்த்தியது. இவ்விரண்டினும் கொடியது 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் நிகழ்ந்தது.

அந்நாள் மார்கழி முழுநிலா நாள், ஞாயிற்றுக்கிழமை. கடலோரத்தில் உலாவச் சென்றோரும், மீன் வாங்கச் சென்றோரும், கரையில் விளையாடிய சிறுவருமாகப் பலர் இருந்தனர். ஆழிப்பேரலை வானிலையால் வருவதன்று. கடலடி நிலநடுக்கத்தால் வருவது. அதனால் அன்று புயலுமில்லை; எச்சரிக்கும் முகிலுமில்லை. உலாவுவோர் தம்முள் “இன்று நல்ல காலை” என்று கூறிக்கொள்ளுதற்குரிய காலையாகவே அஃதிருந்தது. சுமாத்திராத் தீவையடுத்த கடலடியில் இந்திய நேரம் காலை ஆறரை மணியளவில் நிலம் நடுங்கியது. ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் கழித்து அலை இக்கரையை அடைந்தது. அக்கரைப்பேட்டையும் கீச்சாங்குப்பமும் அழிந்தன. அன்றைய நாகை மாவட்டத்தில் மட்டும் மாண்டோர் 6,000-க்கு மேற்பட்டோர். அவருட் பலர் சிறுவர்.

அவ்வளவு பெரிய துயரத்தின்முன் நின்று, “இஃது அவர்கள் வினை” என்று ஒருவர் கூறுவராயின், அவர்க்குச் சித்தாந்தம் கூறும் விடை யாது? வினை அறிவில்லாததாகலின் தானே சென்று உயிரைப் பொருந்தாது. உயிர் சிற்றறிவுடையதாகலின் தன் வினையைத் தானே தேர்ந்து எடுத்துக்கொள்ளாது. எவ்வுயிர்க்கு எவ்வினை எப்பொழுது எவ்வாறு பயன்தரல் வேண்டுமென்பதை அறிந்து கூட்டுவோன் முற்றறிவுடைய முதல்வன் ஒருவனே. இது நம் கொள்கையின் உறுதிப்பாடு. அங்ஙனமாயின், பிறனொருவனுடைய துன்பத்தைக் கண்டு இஃது இன்ன வினையின் பயனென்று தீர்ப்புரைத்தல், முதல்வனுக்கேயுரிய முற்றறிவைத் தனக்குரியதாக ஏறிட்டுக் கோடலன்றோ? தன் நேற்றைய நினைவையே முழுதும் அறியமாட்டாதவன், பச்சிளங் குழவியின் பழவினையை அறிந்தவன்போற் பேசுதல் ஆணவத்தின் முதிர்ந்த நிலையேயாம். வினைக்கொள்கை ஒருவன் தன் நோய்க்குத் தான் உண்ணும் மருந்து. பிறன்மேல் எறியும் கல்லன்று.

இனி மற்றொன்றையும் நோக்குக. துன்பம் முதல்வனாற் கூட்டப்படுவதென்னும் நாம், அத்துன்பத்தைத் துடைக்கும் உதவியும் அவனாற் கூட்டப்படுவதே என்பதை மறத்தலாகாது. அவ்வுதவி வானினின்றும் இறங்கி வருவதன்று. ஒருவர் கையாகவும் ஒருவர் சொல்லாகவும் வருவது. அக்கை நம்முடையதாக இருத்தல் கூடும். அதனை நீட்டாது மடக்கிக்கொண்டு “எல்லாம் திருவருள்” என்பவன், அத்திருவருள் தன் வழியாகச் செல்லவிடாது தடுப்பவனேயாவான். 2004-ஆம் ஆண்டில் நிலம் நடுங்கியதற்கும் அலை வந்ததற்கும் இடையே இரண்டரை மணி நேரம் இருந்தது. அந்நேரத்தில் ஒரு சொல் இக்கரையை எட்டியிருப்பின் எத்தனையோ உயிர்கள் நின்றிருக்கும். அதனை எட்டுவிக்கும் அமைப்பு அன்று நம்மிடம் இல்லை. பின்னர் 2007-ஆம் ஆண்டு அக்டோபரில் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை நிலையம் நிறுவப்பெற்றது. வினைப்பயன் தப்பாதென்று அதனை நிறுவாது விட்டிருத்தல் சைவமாகுமோ? ஆகாது. அறிவும் கருவியும் உயிர்களைக் காத்தற்கு முதல்வன் தந்த தனுகரணங்களின் பயனேயாம். அவற்றை வழங்காது வைத்திருத்தல் அவன் கொடையை மறுத்தலாகும்.

இந்நெறிக்கு நம் நாயன்மார் வாழ்க்கையே சான்று. அதிபத்த நாயனார் தம் வலையிற் படும் மீன்களுள் ஒன்றைச் சிவபெருமானுக்கென்று கடலில் விடும் நியமமுடையவர். நாள்தோறும் ஒரு மீனே பட்ட காலத்தும் அவ்வொன்றனையும் விட்டார். செல்வம் சுருங்கி, பசியால் உடல் தளர்ந்த காலத்தும் விட்டார். ஈற்றிற் பொன்னும் மணியுமாகிய மீன் ஒன்று பட்டவிடத்தும் அதனையும் விட்டார். ஒரு மீனும் பொன்மீனும் அவர்க்கு ஒப்பாயின. இதுவே இருவினையொப்பு, கடலின் நடுவே, தம் கையில் உள்ளதனை விட்டுக் காட்டிய ஒப்பு. அவர் அதனைப் பிறர்க்கு உரையாகக் கூறியதில்லை. தாம் செய்து காட்டினார்.

திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் திருவீழிமிழலையில் எழுந்தருளியிருந்த காலத்தில் மழை பொய்த்து, ஆறு வறண்டு, நாட்டிற் பஞ்சம் வந்தது. வானிலை மாறிய அக்காலத்தில் அவர்கள் செய்தது யாது? அடியார்கள் வாடுதலைக் கண்டு உளம் வருந்தினர். பெருமான் நாள்தோறும் அருளிய படிக்காசினைக் கொண்டு அமுது சமைப்பித்து, அடியார்களைப் பஞ்சம் நீங்குமளவும் உண்பித்தனர். அவர்களினும் மிக்க ஒப்புநிலையினர் யாவர்? அவர்கள் பிறர் பசிக்கு ஒப்புநிலை பேசினாரல்லர்; அடுப்பெரியச் செய்தனர். ஆகவே தம் துன்பத்தில் அதிபத்தரைப்போல் இருத்தலும், பிறர் துன்பத்தில் வீழிமிழலையில் நின்ற இருபெருங் குரவரைப்போல் இருத்தலுமே முழுமையான சைவ ஒழுக்கமென்பது பெறப்படும்.

இவ்வுண்மையை யான் நாள்தோறும் காணும் கடற்கரையே எனக்கு வேறொருவாற்றானும் அறிவுறுத்தியது. முதல்வன் நிலம், நீர், தீ, வளி, வெளி, ஞாயிறு, திங்கள், உயிர் என்னும் எட்டனையும் தனக்குத் திருமேனியாகக் கொண்டு நிற்பன். ஆதலின் அவனை அட்டமூர்த்தி என்பர். வைகறையிற் கடற்கரையில் உலாவுவோனுக்கு இவ்வெட்டும் ஒருங்கே காட்சிதருகின்றன. காலின்கீழ் மணல், முன்னே கடல், முதுகில் நிலக்காற்று, மேலே வெளி, முழுநிலா நாளாயின் மேற்கே சாயும் திங்கள், கிழக்கே எழும் ஞாயிறு. தீ எங்குளது? குப்பத்துக் குடிசைகளில் எரியும் அடுப்பில் உளது. யான் நெடுங்காலம் ஆறனை மட்டுமே கண்டு மகிழ்ந்து, அனைத்தையும் கண்டதாகக் கருதியிருந்தேன். அடுப்பில் தீ எரியவில்லை என்பதை அம்முதியவர் கூறியபோதுதான், ஏழாவதனை யான் ஒருநாளும் நோக்கவில்லை என்பதை அறிந்தேன். கூறியவரோ எட்டாவது.

உயிர் சிவமாகாது என்பதும், சிவம் உயிர்க்குயிராய் அதனோடு ஒன்றாயும் வேறாயும் உடனாயும் நிற்குமென்பதும் நாம் அறிந்தனவே. அவ்வாறு நிற்றலினாலேயே உயிர் அவனுக்குத் திருமேனியெனப்பட்டது. ஞாயிற்றைக் கண்டு கைகுவித்து, காற்றையும் கடலையும் கண்டு உருகி, எதிரே பசித்து நிற்பவனைக் காணாது செல்பவன், அட்டமூர்த்தியை வழிபட்டவனாகான். திருக்கோயிலில் எட்டுத் திருவிளக்கு இருக்க, ஒன்றனை ஏற்றாது மறந்தவனைப் போன்றவன் அவன்.

அன்று யான் வீடு திரும்பி என்ன செய்தேன் என்பதை விரித்தல் வேண்டா, அது பெரிதுமன்று, காலந்தாழ்ந்ததுமாகும். அதன்பின் என் உலாவில் நேர்ந்த மாற்றத்தை மட்டும் கூறுவேன். இப்பொழுதும் மழையையும் கச்சானையும் ஒப்பக் கொள்ளவே முயல்கின்றேன். ஆயின், அவ்வொப்பு என் எல்லையைக் கடந்து பிறரிடம் செல்லாதபடி காத்துக்கொள்கின்றேன். துறைமுகத்திற் கூண்டு ஏற்றப்பட்டிருப்பின், எத்தனையாம் எண் என்பதனோடு, படகு கரையிற் கிடக்கத் தொடங்கி எத்தனை நாளாயிற்று என்றும் எண்ணுகின்றேன். ஏப்பிரல் 15 முதல் சூன் 14 முடிய விசைப்படகுகட்குரிய 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில், கடல் அமைதியாயிருக்கின்றதென்று மகிழுமுன்னர், அவ்வமைதி எவரெவர் கூலியை நிறுத்திற்று என்று நினைக்கின்றேன். எதிர்ப்படுவோர் “இன்று நல்ல வானிலை” என்று கூறின், மறுத்துரைப்பதில்லை, “ஆம், எனக்கு நல்லதே, கடலிற் சென்றோர்க்கும் அங்ஙனம் ஆகுக” என்று உள்ளத்திற் கூறிக்கொள்கின்றேன்.

அம்முதியவரை மறுபடியும் பன்முறை கண்டேன். அவர் அன்றைய பேச்சை நினைவிற்கொண்டதாகக் காட்டியதில்லை. புயல் தணிந்து படகுகள் கடலிற் சென்ற முதல் நாளின் முற்பகலில், கரை திரும்பிய அவர் என்னைக் கண்டு, “ஐயா, இன்று காற்று எப்படி?” என்று புன்முறுவலோடு வினவினார். “நீங்கள் சொல்லுங்கள், பெரியவரே” என்றேன். “அடுப்பு எரியும் ஐயா” என்றார். நல்ல வானிலை யாதென்னும் வினாவுக்கு, யான் பல நூல்களைப் புரட்டித் தேடிய விடையினும் அது குறைந்ததன்று.

சைவ அன்பர்காள்! நாள்தோறும் வைகறையில் எழுமின். இயலுமிடத்து வெளியே சென்று உலாவுமின். வானையும் கடலையும் கண்டு முதல்வனை வாழ்த்துமின். தமக்கு வரும் குளிரையும் வெம்மையையும் ஒப்ப நோக்கப் பழகுமின். அப்பழக்கம் முதிருந்தோறும், பிறர்க்கு வரும் குளிரும் வெம்மையும் நம் உள்ளத்தை முன்னையினும் மிகுதியாகச் சுடுகின்றதா என்று தம்மைத்தாமே வினவிக்கொள்ளுமின். சுடுமாயின் பெற்றது ஒப்புநிலை. சுடாதாயின் பெற்றது வெறும் மரத்தன்மையே. எட்டுத் திருமேனியும் ஒருங்கே கண்டு தொழும் பேற்றினை எல்லார்க்கும் காயாரோகணப் பெருமான் திருவருள் கூட்டுவதாக.

திருச்சிற்றம்பலம்.